கூட்டிக்கொண்டு போகினமாம்

ஜேர்மன் முதலாளிமாருக்கு ஒரு சொல் நல்லாப் பிடிச்சிருக்கு. 'மிற்நேமன்'. கூட்டிக்கொண்டு போறது. வேலையிடத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வருகுதாம், வேலையாக்களைப் பயமில்லாமல் அதுக்குள்ள கூட்டிக்கொண்டு போகவேணுமாம். இதுக்கெண்டு பயிற்சி, இதுக்கெண்டு ஆலோசகர், இதுக்கெண்டு பிறெட்செலும் தோடம்பழச் சாறும் வைச்ச கூட்டம்.

எங்கட ஆக்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் வேற நினைப்புத்தான் வரும். 'சும்மா விசாரிச்சுப்போட்டு விடுறம்' எண்டு கூட்டிக்கொண்டு போனவையைக் கண்டிருக்கிறம். காசை எண்ணி வாங்கிக்கொண்டு 'எங்கையெண்டு கேளாதை, வா' எண்டு பனிக்குள்ளால கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரரையும் கண்டிருக்கிறம். அதையும் இதையும் ஒண்டாக்க நான் வரேல்லை. ஆனால் கூட்டிக்கொண்டு போறவனிட்டை 'எங்கை?' எண்டு கேக்கிற பழக்கம் உலகத்தில ஆருக்கு இல்லாட்டியும் எங்களுக்கு இருக்கவேணும்.

இவையின்ர பாடத்தில முதல் வரி: வேலையாக்கள் புதுசைக் கண்டு பயப்பிடுகினம். சுத்தப் பொய். வெளிநாட்டவர் அலுவலகத்தில இருந்து டொச்சில மூண்டு பக்கக் கடிதம் வந்தால், முந்திப் பிள்ளை பள்ளிக்கூடத்தால வருமட்டும் காத்திருந்தம். பிள்ளையும் பாவம், பத்து வயசில வதிவிட அனுமதியையும் வாடகைப் பிரச்சினையையும் வாசிச்சுச் சொல்லவேண்டி வந்தது. இப்ப அறுபது வயசு அம்மாவும் கைத்தொலைபேசியால கடிதத்தைப் படம் பிடிச்சுத் தமிழில வாசிக்கிறா. அது இடைக்கிடை கோமாளித்தனமாய் மொழிபெயர்க்கும் எண்டும் அவவுக்குத் தெரியும். முக்கியமான இடத்தை நாலு பேரைக் கேட்டுத்தான் கையெழுத்து வைப்பா. அந்த அம்மாவை ஆரும் கூட்டிக்கொண்டு போகேல்லை, ஒரு பயிற்சிப் பட்டறையும் வைக்கேல்லை. கருவி அவவின்ர கையில, பயன் அவவுக்கு. வேலையிடத்தில கருவி ஆற்றை கையில இருக்கு எண்டதுதான் எங்கட சந்தேகம். அதுக்குப் 'பயம்' எண்டு பேர் வைச்சால் பதில் சொல்லத் தேவையில்லைத்தானே.

நான் வேலை செய்யிற உதிரிப்பாகக் களஞ்சியத்திலயும் கூட்டம் நடந்தது. 45 நிமிசம். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு ஆலோசகர் திரையில படம் காட்டினார். எந்தத் தட்டுக்கு முதல் போறது, எந்தப் பெட்டியை எதுக்கு மேல அடுக்கிறது எண்டதெல்லாம் இனி மென்பொருள் சொல்லுமாம், நடை குறையுமாம். நடை குறைஞ்சது உண்மைதான், என்ர முழங்காலைக் கேட்டால் சொல்லும். அங்க 20 வருசத்துக்கு மேல நிக்கிற ஒரு துருக்கிக்காரர் எழும்பிக் கேட்டார்: "அது பிழையாய்ச் சொல்லி நான் பிழையாய் ஏத்தினால், எச்சரிக்கைக் கடிதம் ஆருக்கு வரும்?" ஆலோசகர் சிரிச்சார். "நல்ல கேள்வி, இதை நாங்கள் எடுத்துக்கொண்டு போறம்." எட்டு மாசமாச்சு. கொண்டுபோன கேள்வி இன்னும் திரும்பி வரேல்லை.

இது சின்னக் கேள்வி இல்லை. எயார் கனடாவின்ர இணையத்தளத்தில இருந்த அரட்டை இயந்திரம் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகையைப் பற்றிப் பிழையாய்ச் சொல்லிப்போட்டுது. வழக்கு வந்தவுடன, அந்த இயந்திரம் தன்ர சொல்லுக்குத் தானே பொறுப்பு எண்ட மாதிரிக் கம்பனி வாதாடினது. 2024 பெப்ரவரியில பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பாயம் அதைத் தூக்கியெறிஞ்சு, கம்பனிதான் பொறுப்பு எண்டது. காசு குடுத்த பயணியோடயே இப்பிடி வாதாடுறவை, பெட்டி தூக்கிறவனோட எப்பிடி நடப்பினம்?

கூட்டத்தில சொல்லாத விசயம் இன்னொண்டு இருக்கு. எண்ணெய் கசியிற பெட்டி கீழ்த்தட்டிலதான் இருக்கவேணும் எண்டு மென்பொருளுக்கு ஆர் சொல்லிக்குடுத்தது? நாங்கள்தான். அது பிழைவிட, நாங்கள் ஸ்கானரில அமத்தித் திருத்த, அது படிக்குது. இருபது வருசக் கைப்பழக்கம் அப்பிடியே ஏறுது. அதோட ஒவ்வொரு திருத்தத்துக்கும் பேரும் நேரமும் விழுகுது, ஆர் எவ்வளவு நேரம் எங்க நிண்டவர் எண்டு. படிப்பிக்கிறவனையே வேவு பார்க்கிற மாணவன்!

சட்டம் பார்த்துக்கொள்ளும் எண்டு இருக்கேலாது. வின்சனில இருக்கிற அமேசன் களஞ்சியத்தில வேலையாக்களின்ர வேகத்தை நிமிசத்துக்கு நிமிசம் அளக்கிறதை, 2020 இல மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் தடுத்தது. 2023 பெப்ரவரியில ஹனோவர் நிர்வாக நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கினது.

வேலை போகுமோ எண்டு கேட்டால் 'ஒருத்தரையும் விட்டிட்டுப் போகமாட்டம்' எண்டு தேன் தடவின பதில். ஷொப்பிஃபை தலைவர் 2025 ஏப்ரலில தன்ர ஆக்களுக்கு நேராவே எழுதினார்: புது ஆள் கேக்கமுதல், அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவால ஏன் செய்யேலாது எண்டு காட்டுங்கோ. கொடுமைதான், ஆனால் தேன் இல்லை. சுவீடனின்ர க்ளார்னா, தன்ர இயந்திரம் 700 பேரின்ர வேலையைச் செய்யுது எண்டு 2024 இல பெருமையடிச்சுப்போட்டு, 2025 இல மனிசரும் வேணும் எண்டு திரும்பவும் ஆள் தேடினது. வழிகாட்டுறவைக்கே வழி தெரியேல்லை.

இப்ப எங்கட ஆக்களுக்கு வாறன். பெற்றீப்ஸ்றாட், அதாவது வேலையாக்கள் தேர்ந்தெடுக்கிற சபை, எண்டால் 'எங்களுக்கேன் வீண் சோலி, சம்பளம் வருகுதுதானே' எண்டு தேத்தண்ணிக் கோப்பையோட ஒதுங்கிறது. அந்தச் சோலியின்ர பெறுமதி தெரியுமோ? 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர 87 ஆவது பிரிவின்படி, வேலையாளின்ர நடத்தையையோ வேகத்தையோ கண்காணிக்கக்கூடிய கருவியைச் சபையை மீறி முதலாளி தன்ர எண்ணத்துக்குக் கொண்டுவரேலாது. 2021 இல இன்னொண்டு சேர்ந்தது: செயற்கை நுண்ணறிவு வருகுதெண்டால் அதை மதிப்பிடச் சபை வெளியில இருந்து ஒரு நிபுணரைக் கூப்பிடலாம், செலவு முதலாளியின்ர. வெள்ளைச் சப்பாத்துக்காரருக்குப் பதில் சொல்ல எங்கட பக்கமும் ஒருத்தர்.

ஜேர்மன் கடவுச்சீட்டு இல்லாததால பாராளுமன்றத் தேர்தலில வாக்கில்லாத எங்களுக்கு, இந்தச் சபைத் தேர்தலில வாக்கு இருக்கு, நிக்கவும் உரிமை இருக்கு. அதுவும் 1972 இல இருந்து, நாங்கள் வந்திறங்க முதலே. வழமையான தேர்தல் நாலு வருசத்துக்கு ஒருக்கா, 2022, 2026 எண்டு போகுது. சபையே இல்லாத இடத்தில அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வாக்குரிமையுள்ள நிரந்தர வேலையாக்கள் ஐந்து பேர் இருந்து, அதில மூண்டு பேர் தேர்தலில நிக்கத் தகுதியானவையாய் இருந்தால் காணும். டொச் வராது எண்ட சாட்டும் வேண்டாம். டொச் தெரியாத வெளிநாட்டு வேலையாக்களுக்குத் தேர்தலைப் பற்றி விளங்கிற மாதிரிச் சொல்லவேணும் எண்டு தேர்தல் விதியிலயே எழுதிக்கிடக்கு. தமிழில தாள் வேணுமெண்டு நாளைக்கே கேளுங்கோ.