உடன்படிக்கையும் இறால் பண்ணையும்

அமெரிக்காவின் தொடக்ககால ஆட்சியமைப்பை விளக்குவோர் பெரும்பாலும் மத்திக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டையே முதன்மைப்படுத்துவர். சமஷ்டிக் கோரிக்கை வலுப்பெற்ற இலங்கைத் தமிழர் சூழலில் இது இயல்பானதே. ஆயினும் அவ்வமைப்பை உருவாக்கிய காரணங்களுள், பிற நாடுகள் அமெரிக்காவை எவ்வாறு மதித்தன என்பதும் ஒன்றாகும். கிழக்கிலங்கையின் படுவான்கரையில் அமைந்த கொக்கட்டிச்சோலையின் அண்மைக்கால வரலாற்றுக்கு இந்த இரண்டாவது காரணமே நெருக்கமானது.

1781இல் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டமைப்பில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் இயங்கிய ஓரவைப் பேரவை மட்டுமே இருந்தது. வரி விதிக்கும் உரிமையோ, தனித்த நிறைவேற்றுத் தலைவரோ, மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றமோ அதற்கு இல்லை. பிரித்தானிய வணிகருக்குரிய பழைய கடன்களை அறவிடத் தடையிருக்கலாகாது என 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் அந்தப் பேரவை ஒப்புக்கொண்டிருந்தும், வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் தம் சட்டங்களால் அதைத் தடுத்தன. அதையே காரணங்காட்டி டெட்ராய்ட், நயாகரா முதலிய கோட்டைகளை விட்டகல பிரித்தானியா மறுத்தது. சொன்ன சொல்லைக் காக்க இயலாத அரசு என்ற அவப்பெயர் ஐரோப்பாவில் பரவியது. எனவே 1787ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மேலவையின் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவு பெற்ற உடன்படிக்கைகளை மாநிலச் சட்டங்களுக்கு மேலான சட்டமாக்கியது. பிற நாடுகளின் மதிப்பீட்டுக்குச் செவிசாய்க்கும் அவையாக மேலவை விளங்கும் என, அரசியலமைப்பை வரைந்தோருள் ஒருவரான மேடிசன் வாதிட்டார். 1794ஆம் ஆண்டு ஜே உடன்படிக்கை அக்கடன் வழக்குகளை நடுத்தீர்ப்புக்கு, அதாவது இரு அரசுகளும் அமர்த்தும் ஆணையர்களின் முடிவுக்கு விட்டது. அம்முயற்சி இடையில் முறிந்தபோதும், 1802இல் அமெரிக்கா 6,00,000 பவுண் செலுத்த உடன்பட்டுக் கணக்கை முடித்தது. இக்கால நடுத்தீர்ப்பு முறையின் தொடக்கமாக இவ்வுடன்படிக்கையையே பலரும் கருதுகின்றனர்.

அம்முறை பின்னாளில் கொக்கட்டிச்சோலை வரை வந்தது. 1987 ஜனவரி 28 அன்று அப்பகுதியில் அரச படைகள் நடத்திய நடவடிக்கையின்போது, வாவியோரத்து இறால் பண்ணையொன்று அழிக்கப்பட்டு அதன் பணியாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பண்ணையில் பங்கு வைத்திருந்த, அப்போது பிரித்தானிய ஆட்சியிலிருந்த ஹொங்கொங்கின் நிறுவனமான ஏசியன் அக்ரிகல்சுரல் புரொடக்ட்ஸ், இலங்கையும் பிரித்தானியாவும் 1980இல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையைக் காட்டி, உலக வங்கியின் அங்கமாக வாஷிங்டனில் இயங்கும் முதலீட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச நிலையத்தில் வழக்கிட்டது. பண்ணையை அழித்தவர் யார் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை எனக் கண்ட நடுத்தீர்ப்பாளர்கள், பண்ணைப் பணியாளருள் சந்தேகத்துக்குரியோரை நிருவாகத்துடன் பேசி அமைதியாக வெளியேற்ற வழியிருந்தும் அரசு உரிய கவனம் எடுக்கவில்லை என்று கூறி, 1990 ஜூன் 27 அன்று 4,60,000 டொலரும் வட்டியும் வழங்கப் பெரும்பான்மையாகத் தீர்த்தனர். உடன்படிக்கை ஒன்றை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு முதலீட்டாளர் அந்நிலையத்தில் தொடுத்த முதல் வழக்கு இதுவாதலால், உலகின் எந்த முதலீட்டுச் சட்ட நூலும் இதைத் தவிர்ப்பது அரிது. அந்தத் தொகை பங்குகளின் பெறுமதிக்கு உரியது; வழக்காட உரிமை பெற்றிருந்தவர் முதலீட்டாளர் மட்டுமே. கொல்லப்பட்டோரின் குடும்பங்கள் அங்கே தரப்பினர் அல்லர்.

இந்த ஏற்றத்தாழ்வை இலங்கை அரசியலமைப்பே வரைந்து வைத்திருப்பது கவனத்துக்குரியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 157ஆவது உறுப்புரை, மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் பாராளுமன்றம் ஏற்ற முதலீட்டு உடன்படிக்கைகளுக்குச் சட்ட வலுவளித்து, தேசியப் பாதுகாப்பின் பொருட்டன்றி அவற்றுக்கு முரணாகச் சட்டமியற்றுவதைத் தடுக்கிறது. அமெரிக்கர் எல்லா உடன்படிக்கைகளுக்கும் அளித்த உயர்நிலை இங்கே மூலதனத்துக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. மனித உரிமைகளின் கதி வேறு: ஐக்கிய நாடுகள் குழுவிடம் தனிமனிதர் முறையிட வழிசெய்த விருப்ப நெறிமுறையில் 1997இல் அரசு இணைந்தது அரசியலமைப்புக்கு முரணானது என 2006இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

வாஷிங்டன் தீர்ப்பு வந்து ஓராண்டு நிறைவதற்குள், 1991 ஜூன் 12 அன்று, அதே கொக்கட்டிச்சோலைப் பகுதியின் மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் படையினரால் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அழிந்த சொத்து ஊர்மக்களுடையது. வெளிநாட்டு மூலதனம் எதுவும் அங்கே இல்லை. சனாதிபதி விசாரணை ஆணைக்குழு 67 மரணங்களைப் பதிவுசெய்த பின்னர், இராணுவ நீதிமன்றம் படைவீரர்களை விடுவித்து, படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் உடல்களை முறைகேடாக அகற்றியமைக்காகவும் ஓர் அதிகாரியைப் பணிநீக்கம் செய்தது.