அருவியைத் திட்டாதீர்கள்

காலையில் பூங்காவுக்கு நடக்க வரும் நண்பர் போன வாரம் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். "ராஞ்சிக்குப் போயிட்டு வந்தோம் சார். அருவி நகரமாம். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது! தண்ணியே இல்லை. பார்க் பார்க்கா சுத்திக் காட்டிட்டு அனுப்பிட்டாங்க."

எப்போது போனீர்கள் என்று கேட்டேன். மார்ச் கடைசி என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1983-லிருந்து 11 வருஷம் அந்த ஊரில் குப்பை கொட்டியவன் நான். அப்போது அது பீகார். என் பெரிய பையன் பிறந்த ஊர். அதை ஒருவர் ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனால் எப்படிச் சும்மா இருப்பது? அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் மாதம் குற்றாலத்துக்குப் போய்விட்டு "தண்ணீர் இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று யாராவது சொல்வோமா? சீசன் தெரியாமல் போன நம்மைத்தான் ஊர் சிரிக்கும். ராஞ்சியைச் சுற்றியுள்ள ஹுண்ட்ரு, ஜோன்ஹா, தஸ்ஸம் மூன்றும் மழை ஆறுகள் விழும் இடங்கள். பனிமலையிலிருந்து வரும் ஆறு எதுவும் அங்கே இல்லை. ஜூனில் மழை பிடித்தால் அக்டோபர் வரை அருவி. மார்ச்சில் பாறைதான் தெரியும். அந்தப் பாறையும் அழகுதான், அது வேறு விஷயம்.

ஹுண்ட்ருவுக்கு இன்னொரு கதையும் உண்டு. சுவர்ணரேகா ஆறு அங்கே 98 மீட்டர், அதாவது 320 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதற்கு மேலே கேதல்சூத் என்ற இடத்தில் 1971-ல் அணை கட்டினார்கள். ராஞ்சியில் பெரும்பாலான வீடுகளுக்குக் குடிநீர் அங்கிருந்துதான். அதே தண்ணீரைக் கால்வாய் வழியாக சிகிதிரிக்குக் கொண்டுபோய் மின்சாரமும் எடுக்கிறார்கள். அருவிக்கு மிச்சம்தான். ராஞ்சி ஓட்டலில் குழாயைத் திறந்து சுகமாகக் குளித்துவிட்டு, மத்தியானம் ஹுண்ட்ருவுக்குப் போய் "தண்ணீர் எங்கே?" என்று கேட்டால் அருவி என்ன பதில் சொல்லும்?

சரி, சரியான மாதத்தில் போனால் போதுமா? போதாது. அதற்கு நானே சாட்சி.

இரண்டு வருஷம் முன்பு, செப்டம்பரில், பழைய ஊரைப் பார்க்கும் ஆசையில் நானும் என் வீட்டம்மாவும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனோம். பணம் கட்டியவன் நான்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. குழுவில் 60 வயதுக்குக் குறைந்தவர் யாருமில்லை. ஒரே நாள் நிகழ்ச்சி நிரல்: ஹுண்ட்ரு, ஜோன்ஹா, தஸ்ஸம், ராக் கார்டன், தாகூர் ஹில். ஐந்து இடம்! அருவிகள் ஒவ்வொன்றும் ஊரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதிலும் தஸ்ஸம் வேறு திசை.

ஜோன்ஹாவில் பஸ் நின்றதும் "45 நிமிஷம்" என்றார் மேனேஜர். அங்கே 700 படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். இறங்கினால் போதுமா, ஏற வேண்டாமா? முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவள் என் மனைவி. பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கீழே அருவி இரைவது நன்றாகக் கேட்டது, பார்க்க முடியவில்லை. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். நான் போகவில்லை.

அதற்குள் மேலேயிருந்து ஹாரன். எங்கள் குழுவில் 72 வயதுக்காரர் ஒருவர், பஸ் போய்விடுமோ என்ற பயத்தில் நிற்காமல் படியேறி வந்து, மேலே சேர்ந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை, பேச்சு வரவில்லை. சுற்றிலும் காடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ராஞ்சிதான் திரும்ப வேண்டும். நல்லவேளை, அரை மணி நேரத்தில் தெளிந்தார். அந்த அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் மனைவியின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இதற்குப் பெயர் சுற்றிப் பார்ப்பதா? அன்று அருவி நிறையத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

மற்ற இரண்டும் அதே லட்சணம். தாகூர் ஹில்லில் "ரவீந்திரநாத் தாகூர் வாழ்ந்த இடம்" என்று ஒரே வரியில் முடித்தார் மேனேஜர். அங்கே வாழ்ந்தவர் அவருடைய அண்ணன் ஜோதிரிந்திரநாத். நாடகம் எழுதியவர், இசை தெரிந்தவர், ஓவியர். 1925-ல் ராஞ்சியிலேயே காலமானார். பாவம், அவருடைய குன்றில்கூட அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை.

ராக் கார்டனில் ஒரு மணி நேரம். செயற்கை அருவி! நிஜ அருவிக்கு 45 நிமிஷம் கொடுத்தவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். பஸ் நிற்க வசதி, கேன்டீன் வசதி.

அந்தப் பழைய ஜெயிலுக்கும் போகலாமே என்று கேட்டேன். "ஜெயிலைப் பாக்கவா சார் எல்லாரும் பணம் கட்டியிருக்காங்க?" என்றார் மேனேஜர். பிர்சா முண்டா 1900 ஜூன் 9 அன்று, 25 வயதுகூட நிரம்பாமல், உயிர்விட்ட சிறை அது. காட்டையும் நிலத்தையும் பறிகொடுத்த தன் மக்களைத் திரட்டி வெள்ளைக்காரனை எதிர்த்தவர். 2000-ல் ஜார்க்கண்ட் தனி மாநிலமானபோது, அதற்கு அவர் பிறந்த நாளான நவம்பர் 15-ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சிறை 2021 முதல் பூங்காவும் அருங்காட்சியகமுமாக இருக்கிறது. ஊர் நடுவில், படியேறாமல் பார்க்கலாம். நம் வயதுக்காரர்களுக்கு இதைவிடத் தோதான பூங்கா எது?

நாங்கள் குழுவை விட்டுவிட்டு இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினோம். மறுநாள் வாடகைக் கார் பிடித்து மறுபடியும் ஜோன்ஹா. ஐம்பது படிக்கு ஒருதரம் உட்கார்ந்து, சுட்ட சோளக்கதிர் வாங்கித் தின்று, இறங்கி ஏற மூன்று மணி நேரம் ஆயிற்று. கீழே போனதும் அவள் ஒன்றும் பேசவில்லை. சாரல் முகத்தில் அடிக்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்த நாள் ஜெயில். பிர்சாவை அடைத்து வைத்திருந்த அறை வாசலில் வெகுநேரம் நின்றோம்.

ஆகவே நண்பர்களே, போவதானால் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். ஒரு நாளுக்கு ஓர் அருவி போதும். தஸ்ஸத்தில் குளிக்க ஆசைப்படாதீர்கள், அந்தச் சுழல் பலரைக் கொண்டுபோயிருக்கிறது. ஐந்து இடம் என்று நோட்டீஸ் கொடுப்பவரிடம், "ஒவ்வொரு இடத்திலும் எத்தனை படி, எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு வந்து, பிறகு திட்டுவதானால் திட்டுங்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.