பதினெட்டு வயசுப் பசங்களும் பத்து பேர் பட்டியலும்

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி ஜாஸ்தி, வேற காரணம் ஒண்ணும் இல்லை. இன்னைக்கு ஐஸ் ஹாக்கி பத்தி எழுதப் போறேன். "நமக்கும் ஐஸுக்கும் என்னய்யா சம்பந்தம், ஃப்ரிட்ஜ்ல இருக்கறதோட சரி"ன்னு எஸ்கேப் ஆகப் பாக்கறவங்க ஒரு நிமிஷம் இருங்க. ஆட்டம் தெரியலைன்னாலும் பரவாயில்லை. மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் நடுவில் நின்ற எல்லாருக்கும் இந்தப் பதிவு புரியும் :-)

2021 கடைசியில் கம்பெனி என்னை டெட்ராய்ட் பக்கம் அனுப்பி வைத்தது. முதல் குளிர்காலம். சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் கும்மிருட்டு. வெளியே போனால் மூக்கு கழண்டு விழுந்துடுமோன்னு பயம். அப்போ எனக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர் ஆபிஸில் பக்கத்து சீட் பெருசு. ரிட்டயர்மென்ட்டை நெருங்கும் வயசு. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் என்றால் உயிர். வருஷா வருஷம் ஜூலை மாசம் ஒரு வெள்ளைத்தாளில் பத்து இளம் ஆட்டக்காரர்கள் பெயரை எழுதி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிரேடு போட்டு, தன் மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுவார். ரெண்டு வருஷத்தில் எனக்கும் அந்த வியாதி தொத்திக்கிச்சு. நானும் ஒரு நோட்டில் பட்டியல் போட ஆரம்பித்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம்ம ஐபிஎல்லில் ஏலம். காசு இருக்கறவன் தூக்கிடுவான். என்.ஹெச்.எல்.லில் டிராஃப்ட். 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தம் 224 இடம். போன சீசனில் மோசமாக ஆடியவர்களுக்கு முன்னுரிமை (நடுவில் ஒரு லாட்டரி குலுக்கலும் உண்டு). எடுக்கப்படும் பையன்களில் பெரும்பாலோருக்கு 18 வயசுதான். எடுத்தவுடனே பெரிய அணியில் ஆடவும் மாட்டான். ஜூனியர் லீக், ஸ்வீடன், அமெரிக்கக் காலேஜ், இல்லாவிட்டால் டெட்ராய்ட்டின் கீழ் அணியான கிராண்ட் ராபிட்ஸ் என்று எங்காவது ரெண்டு மூணு வருஷம் ஊறப்போடுவார்கள். ரசிகர்கள் பட்டியல் போடுவது அந்த ஊறல் காலத்தில்தான்.

ஜெயிக்கும் அணியின் ரசிகன் இதையெல்லாம் அவ்வளவாகக் கண்டுக்கறதில்லை. ரெட் விங்ஸ் 1991ல் இருந்து 2016 வரை தொடர்ந்து 25 சீசன் ப்ளே-ஆஃப் போன அணி. அதற்கப்புறம் 2017ல் இருந்து 2025 வரை ஒன்பது சீசன் வரிசையாக வெளியே. 2024 ஏப்ரலில் வாஷிங்டனும் இவர்களும் ஆளுக்கு 91 புள்ளி எடுத்து, சமன் உடைக்கும் விதியில் வாஷிங்டன் உள்ளே போய்விட்டது. மறுநாள் பெருசு ஆபிஸில் யாரிடமும் பேசவில்லை. இந்த மாதிரி காய்ந்துபோன ரசிகனுக்குத் தீபாவளி எது? ஜூன் மாச டிராஃப்ட்தான். இன்னைக்கு இல்லாத சந்தோஷத்தை மூணு வருஷம் கழித்து இந்தப் பையன் கொண்டுவருவான்னு ஒரு நம்பிக்கை.

இப்போ ரெண்டு பையன்கள் கதை சொல்றேன்.

2018 டிராஃப்ட். டெட்ராய்ட்டுக்கு ஆறாவது இடம். செக் நாட்டுப் பையன் ஃபிலிப் ஸடினா. ஹாலிஃபாக்ஸ் ஜூனியர் அணிக்காக 57 ஆட்டத்தில் 44 கோல். முதல் மூணு நாலு இடத்துக்குள் போயிடுவான்னு பலபேர் கணித்திருந்தார்கள். எப்படியோ ஆறாவது வரைக்கும் நழுவி வந்துவிட்டான். தன்னை எடுக்காமல் விட்ட அணிகளின் வலையை பக்கால் நிரப்புவேன் என்று வேறு பையன் சொன்னதாகச் செய்தி. டெட்ராய்ட்டே துள்ளிக் குதிச்சது. பெருசு அன்னைக்கு ராத்திரி பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தாராம். (அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோட அவருக்கு வேலித் தகராறு. அது தனிக்கதை.)

2019 டிராஃப்ட். மறுபடியும் ஆறாவது இடம். ஸ்டீவ் ஐசர்மேன் ஜெனரல் மேனேஜராக வந்து எடுக்கும் முதல் ஆள். அதே அணிக்கு இருபது வருஷம் கேப்டனாக இருந்து மூணு ஸ்டான்லி கோப்பை தூக்கிய மனுஷன். அவர் கூப்பிட்ட பெயர் மோரிட்ஸ் சைடர். ஜெர்மனிக்காரன், டிஃபென்ஸ் ஆட்டக்காரன். ஜெர்மன் லீக்கில் மான்ஹைம் அணிக்கு அந்த சீசனில் மொத்தமே 6 புள்ளிதான். முதல் சுற்றின் நடுவில் போவான் என்று பலர் நினைத்திருந்த ஆள். பெயரைக் கேட்டதும் பையன் முகமே அதிர்ச்சியில் உறைந்துபோனது. அந்த வீடியோ ரொம்பப் பிரபலம். ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பெருசு தன் தாளில் அவனுக்குப் போட்ட கிரேடு 'டி'.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். சைடர் 2021-22ல் முதல் சீசனிலேயே 82 ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை வாங்கினான். 2024ல் வருஷத்துக்கு 85 லட்சம் டாலருக்கும் மேல் என்று ஏழு வருஷ ஒப்பந்தம். ஸடினா டெட்ராய்ட்டுக்கு ஆடிய 190 ஆட்டத்தில் 28 கோல். 2023 கோடையில் ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கும்போதே, காசை விட்டுவிட்டு விலகினான். சான் ஹோசேயில் ஒரு வருஷம், அப்புறம் சுவிட்சர்லாந்து. இதில் இன்னொரு வயித்தெரிச்சல்: 2018ல் ஸடினாவுக்கு அடுத்து, ஏழாவது இடத்தில், வான்கூவர் எடுத்த ஆள் குயின் ஹியூஸ். 2024ல் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை வாங்கியவன். டிராஃப்ட்டுக்கு முந்தின சீசன் முழுக்க மிச்சிகன் யூனிவர்சிட்டிக்காக ஆடிக்கொண்டிருந்தான். டெட்ராய்ட்டில் இருந்து ஒரு மணி நேரம்கூடக் கார் ஓட்டவேண்டாம்.

ஏன் எல்லாரும் இப்படிக் கோட்டை விட்டார்கள்? 44 கோல் கண்ணுக்குத் தெரியும். அந்த 6 புள்ளியை வளர்ந்த ஆம்பளைங்களோட மோதி ஒரு பதினேழு வயசுப் பையன் எடுத்தான்னு யோசிக்க ஜெர்மன் லீக் ஆட்டத்தை முழுசா உட்கார்ந்து பார்க்கணும். நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? ரெண்டு நிமிஷ கிளிப், ஒரு புள்ளிப் பட்டியல். அவ்வளவுதான் நம்ம ஆராய்ச்சி. கனடாவில் சின்ன வயசு அணிகளுக்கு ஜனவரி 1தான் கணக்கு. ஜனவரியில் பிறந்தவன், டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயசு பெரியவனாக அதே அணித் தேர்வுக்கு வந்து நிற்பான். பத்து வயசில் அந்த ஒரு வருஷம் மலை மாதிரி. பெரியவனாத் தெரியறவனுக்கு நல்ல கோச், நிறைய ஆட்டநேரம். பதினெட்டில் நாம் 'திறமை'ன்னு பார்ப்பதில் பாதி வெறும் பிறந்த தேதியாகக்கூட இருக்கலாம்.

ரசிகனை விடுங்க, இதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் தப்பு செய்கிறார்கள். பாவெல் டட்சியுக்கை 1998ல் 171வது ஆளாக, ஹென்ரிக் ஸெட்டர்பெர்கை 1999ல் 210வது ஆளாக எடுத்த அணி இதே டெட்ராய்ட். 2008 கோப்பை இந்த ரெண்டு பேரை வைத்துத்தான் வந்தது. ஸெட்டர்பெர்க் அந்த ப்ளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர். டட்சியுக் 2024ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போய்விட்டார். டெட்ராய்ட்டுக்கு இவர்கள் இவ்வளவு பெரிய ஆளாக வருவார்கள் என்று தெரிந்திருந்தால் 171 வரைக்கும் விட்டு வைத்திருப்பார்களா? ஐரோப்பாவில் நல்ல கண்ணுள்ள ஆட்களை வைத்திருந்தார்கள், கூடவே அதிர்ஷ்டம். 2023ல் கடைசிச் சுற்றில் 201வது ஆளாக வந்த எமிட் ஃபின்னி, 2025 அக்டோபரில் சீசன் தொடங்கும்போது பெரிய அணியில் இருந்தான். எங்க ரெண்டு பேர் பட்டியலிலும் அவன் பெயரே கிடையாது.

சரி, தப்புக்கணக்கு போட்டால் என்ன குடி முழுகிப்போச்சு, பொழுதுபோக்குதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன், 2023 செப்டம்பர் வரைக்கும்.

டிராவர்ஸ் சிட்டின்னு வடக்கே ஒரு ஏரிக்கரை ஊர். நாலு மணி நேர டிரைவ். அங்கே இளம் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு போட்டி நடந்தது. நானும் பெருசும் போனோம். சின்ன அரங்கம். ஸ்கேட் ஐஸைக் கிழிக்கும் சத்தம் வரைக்கும் கேட்கும். நாம பேசறதும் எல்லாருக்கும் கேட்கும். எங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் ஒரு பையனை ஆட்டம் முழுக்க வறுத்து எடுத்தார். "வேஸ்ட்டு, இவனை எடுத்ததுக்கு ஒரு நாற்காலியை எடுத்திருக்கலாம்" என்கிற ரேஞ்சில். எனக்குச் சிரிப்பு. என் நோட்டிலும் அந்தப் பையன் பெயருக்கு எதிரே 'தேறாது'ன்னுதான் எழுதியிருந்தேன். ரெண்டு வரிசை முன்னாடி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அவங்க போட்டிருந்த ஜெர்சி முதுகில் அந்தப் பையன் பெயர். கொஞ்ச நேரத்தில் அவங்க பக்கத்தில் இருந்தவர் எழுந்து, ரெண்டு பேரும் அந்தப்பக்க மூலைக்கு மாறிப் போயிட்டாங்க. பெருசு என் மடியில் இருந்த நோட்டை மெதுவாக மூடி வைத்தார்.

திரும்பி வரும்போது ரொம்ப நேரம் யாரும் பேசலை. எனக்கு ஞாபகம் வந்தது ஹாக்கியே இல்லை. 2021 ஆரம்பம், கொரோனா காலம். சென்னையில் இருந்தேன். எனக்கே ரெண்டரை வருஷ அனுபவம். புதுசாச் சேர்ந்த பசங்களை மூணு வாரம் மேய்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எல்லாம் வீடியோ காலில். ஒரு பையன் வீட்டில் நெட் சரியில்லை, குரல் விட்டு விட்டு வரும். கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். அவனுக்கு சிவப்பு போட்டேன். போட எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிஷம் இருக்கும். நாலு மாசத்தில் அவன் கம்பெனியில் இல்லை. இப்போ எங்கே இருக்கான், என்ன பண்றான், தெரியாது. நான் பார்த்தது அவன் வேலையையா, அவன் வீட்டு நெட்டையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு உறுதியாத் தெரியாது.

அதனால் என் கட்சி இதுதான். பட்டியல் போடலாம். ஆசையும் படலாம். ஒன்பது வருஷம் காய்ந்தவனுக்கு அதுகூட இல்லைன்னா எப்படி? ஆனால் நம்ம ஏக்கத்தை ஒரு பதினெட்டு வயசுப் பையன் பெயரில் நாமே எழுதி வைக்கிறோம். அவன் அதில் கையெழுத்துப் போடவில்லை. மூணு வருஷம் கழித்து வட்டிக்காரன் மாதிரி அவன் வாசலில் நின்று கத்த நமக்கு உரிமை கிடையாது. ஸடினா யாரையும் ஏமாற்றவில்லை. அவனைப் பற்றி நாம் போட்ட கணக்கு தப்பு, அவ்வளவுதான். கோபம் வந்தால் அணி நிர்வாகத்தைக் கேளுங்க. எடுத்தவங்க அவங்க, வளர்க்க வேண்டியவங்க அவங்க, அதுக்குச் சம்பளம் வாங்கறவங்களும் அவங்கதான்.

"கோடி கோடியா சம்பளம் வாங்கறான், நாலு பேர் திட்டினா வாங்கிக்க வேண்டியதுதானே"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். வாங்கட்டும். பெரிய அணியில் ஆடுபவனை அன்னைக்கு ஆடின ஆட்டத்துக்காகத் திட்டுங்க, நானும் கூட வந்து விசில் அடிக்கிறேன். நான் சொல்வது இன்னும் வந்தே சேராதவனைப் பற்றி. டிராஃப்ட்டில் எடுக்கப்படும் பசங்களில் நிறைய பேர் என்.ஹெச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போகிறவர்கள். கோடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

இப்போ நான் பட்டியலில் ரெண்டு மாற்றம் செய்திருக்கிறேன். பெயருக்கு எதிரே கிரேடுக்குப் பதிலாக, அவன் ஆட்டத்தை நான் முழுசாக எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணிக்கை எழுதுகிறேன். முக்கால்வாசி பேருக்கு அது பூஜ்யம். பார்க்கவே அசிங்கமாத்தான் இருக்கு. ரெண்டாவது, 23 வயசுக்கு முன்னாடி எவனையும் 'தேறாது'ன்னு எழுதறதில்லை. பெருசு இன்னும் கிரேடுதான் போடுகிறார், ஆனால் இப்பெல்லாம் பென்சிலில். சைடருக்குப் போட்ட அந்த 'டி' தாளை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறார். யாராவது புதுப்பையனைப் பற்றி ஆபிஸில் ரொம்ப அடித்துவிட்டால், டிராயரைத் திறந்து அதை எடுத்துக் காட்டுவார்.

உங்களுக்கு யாராவது எப்பவாவது சிவப்பு போட்டிருக்காங்களா? இல்லை, நீங்க யாருக்காவது போட்டிருக்கீங்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்க. அனானிகளும் வரலாம், கும்மி மட்டும் வேண்டாம்.

டிஸ்கி: ஆபிஸில் இந்த வருஷம் மறுபடியும் ரெண்டு புதுப்பசங்களுக்கு மதிப்பீடு எழுதச் சொல்லி மெயில் வந்திருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்னும் திறக்கலை. அதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கூடயும் நேர்ல உட்கார்ந்து ஒரு காபியாவது குடிக்கணும்.