இன்று காலை எத்தனை கிளம்பும்?

சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-ல் வந்த ரகம். 62 ஆண்டு உழைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து தொலைக்காட்சியில் ஒரே கணக்குதான்: விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டவை 42 போர் விமான ஸ்குவாட்ரன்கள், கையில் இருப்பவை 29. பதிமூன்று குறைகிறது, உடனே வாங்கு என்கிறார்கள். மூங்கில்துறைப்பட்டு கடைத்தெருவில்கூட என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். "என்னா மிலிட்டரி மாமா, நம்மகிட்ட இனிமே எவ்ளோதான் இருக்கு?"

நான் விமானி இல்லை. பெல்காமில் அடிப்படைப் பயிற்சியும் தாம்பரத்தில் தொழிற்பயிற்சியும் முடித்து, ஏர்ஃபிரேம் ஃபிட்டராகப் போர் விமானங்களின் வயிற்றுக்கு அடியில் படுத்தே காலம் கழித்தவன். அதனாலோ என்னவோ, ஸ்குவாட்ரன் எண்ணிக்கை மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. விடியற்காலையில் ஹேங்கர் கதவைத் தள்ளினால், உள்ளே நிற்கும் ஒரு ஸ்குவாட்ரனின் பதினெட்டு விமானங்களில் இன்றைக்கு எத்தனை கிளம்பும்? எங்களை மாதிரி ஆட்களுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

ஒரு தளத்தில், பெயர் வேண்டாம், ஹேங்கர் மூலையில் எப்போதும் ஒரு விமானம் நிற்கும். முதலில் அது ஏதோ ஒரு பாகத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதற்குள் பக்கத்து விமானத்தில் ஹைட்ராலிக் பம்ப் போய்விடும். ஸ்டோரில் கேட்டால் இல்லை, டிப்போவுக்கு எழுதினால் மாதக்கணக்கு. நாளைக்குப் பறந்தாக வேண்டும். மூலையில் நிற்பதிலிருந்து கழற்றி இதில் மாட்டு என்று உத்தரவு வரும். அடுத்த வாரம் ஒரு வால்வு, அதற்கடுத்த வாரம் ஒரு சக்கரம். தமிழ்ப் பையன்கள் அந்த விமானத்துக்கு வைத்த பெயர் 'அட்சய பாத்திரம்'.

வெளியிலிருந்து பார்த்தால் சாமர்த்தியமாகத்தான் தெரியும். வேலை செய்கிறவனுக்குத்தான் அதன் விலை தெரியும். கெட்ட பம்பைக் கழற்ற வேண்டும், நல்ல பம்பை இன்னொன்றிலிருந்து கழற்ற வேண்டும், இதில் மாட்ட வேண்டும், புதுசு வந்த பிறகு அதில் மாட்ட வேண்டும். ஒரு வேலை இரண்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் குழாய் இணைப்பைப் பிரிக்கிறோம். பிரித்தால் ரப்பர் சீலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட வேண்டும். சீலுக்கு அலமாரியில் சும்மா இருந்தாலும் காலாவதி உண்டு. லாக் வயர் முறுக்கி, அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்து, இரண்டு விமானங்களின் பராமரிப்புப் பதிவேடான 700 படிவத்திலும் எழுதி, இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்க வேண்டும். பத்து முறை பிரித்த இணைப்பு முதல் முறை போட்டது மாதிரி உட்காராது. இத்தனைக்கும் நடுவில், மூலையில் நிற்கும் அந்த ஓட்டையும் தில்லியில் ஒரு விமானமாகவே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சுகோய்-30 விமானங்களில் 75 சதவீதம் எப்போதும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் இருந்தது 55 முதல் 60 சதவீதம்தான் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2015 அறிக்கை ஒன்று சொன்னது. நம் விமானப்படையின் முதுகெலும்பே சுகோய்தான். 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் ஸ்குவாட்ரன் தொடங்கியதும் அதை வைத்துத்தான். 250 விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 சதவீதத்தை 75 ஆக்கினால் கூடுதலாக 50 விமானம் கிளம்பும். ஸ்குவாட்ரனுக்கு 18 என்றால் கிட்டத்தட்ட மூன்று ஸ்குவாட்ரன். ஒரு புது விமானம்கூட வாங்காமல்.

அது இலவசமாகக் கிடைக்காது என்பதும் உண்மை. சுகோய்க்கு 240 என்ஜின்கள் வாங்க 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். ஒடிசாவில் கோராபுட் எச்.ஏ.எல். தொழிற்சாலை செய்கிறது. விலை 26,000 கோடி ரூபாய், அதாவது ஒரு என்ஜின் 100 கோடிக்கு மேல். ஒரு சுகோய்க்கு இரண்டு என்ஜின். விமானத்தின் உடம்பு உழைக்கும் காலத்துக்குள் என்ஜினைப் பல முறை மாற்ற வேண்டிவரும். செய்திகளில் வருவது விமானம் வந்து இறங்கும் படம், தண்ணீர் பீய்ச்சி வரவேற்பு. என்ஜின் ஒப்பந்தம் உள்பக்கத்தில் நான்கு வரி.

ரஃபேல் விஷயத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. 2016-ல் 36 விமானங்களுக்கு சுமார் 787 கோடி யூரோ ஒப்பந்தம். விலை அதிகம், குறைவு என்று ஊரே சண்டை போட்டது. பத்திரிகைகளில் வந்த பிரிவைப் பாருங்கள்: விமானத்துக்கு மட்டும் 342 கோடி யூரோ, மொத்தத்தில் பாதிகூட இல்லை. மீதி ஆயுதம், நம் தேவைக்கான மாற்றங்கள், உதிரிபாகம், தளவசதி. அதற்குள் 35 கோடி யூரோவுக்கு ஒரு ஷரத்து: ஐந்து ஆண்டுகளுக்கு 75 சதவீத விமானங்கள் பறக்கத் தயாராக இருக்கும்படி விற்றவனே பார்த்துக்கொள்ள வேண்டும். என் சர்வீஸ் காலத்தில் இப்படி ஒரு வரியை யாராவது எழுதி வாங்கியிருந்தால், எங்கள் அட்சய பாத்திரமும் ஒரு நாளாவது பறந்திருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். அரவை முடிந்த பிறகு ஆலை தூங்குவதில்லை. ரோலரைக் கழற்றிப் பல் போடுவார்கள், பாய்லர் குழாய்களைச் சோதிப்பார்கள், டர்பைனைப் பிரிப்பார்கள். எந்த ஆலையானாலும் அந்தச் செலவில் கை வைத்தால், அரவை உச்சத்தில் ஆலை நிற்கும். வாசலில் டிராக்டர் வரிசையில் கரும்பு காயும். புது மில் ஒன்று கட்டப்போகிறோம் என்ற அறிவிப்பு அந்த வரிசையில் நிற்கிறவனுக்கு எந்த வகையில் உதவும்?

இன்னொரு தலைவலி, ரகங்கள். மிக்-21 போன பிறகும் நம்மிடம் ஆறு: சுகோய், ரஃபேல், மிராஜ்-2000, மிக்-29, ஜாகுவார், தேஜஸ். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பேனர், தனி சோதனைக் கருவி, தனி கையேடு, தனி பயிற்சி. ஜாகுவாரில் பத்து வருஷம் கை தேர்ந்த ஃபிட்டரைச் சுகோய் ஹேங்கரில் விட்டால் அவன் புது மாணவன். ஜாகுவாரை இன்று உலகில் பறக்கவிடுவது நாம் மட்டும்தான். அதனால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? பிரான்ஸ் ஓரங்கட்டிய 31 பழைய உடற்கூடுகளைக் கேட்டு வாங்கினோம், பிரித்து எடுப்பதற்காக. புது என்ஜின் போடலாம் என்ற திட்டத்தைச் செலவு தாங்காது என்று 2019-ல் கைவிட்டார்கள். மிராஜைப் புதுப்பிக்க 2011-ல் போட்ட திட்டம் 10,000 கோடியைத் தாண்டியது. பழையதை ஓட்டுவது சிக்கனம் என்று நினைக்கிறோம். அறுபது வயசுக்காரனை ஓட வைக்க மருந்துச் செலவு ஏறத்தான் செய்யும்.

பணக்கார நாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் எஃப்-35 திட்டத்தின் ஆயுள் செலவு 1.7 லட்சம் கோடி டாலர் என்று அவர்களுடைய கணக்குத் தணிக்கை அலுவலகம் 2023-ல் சொன்னது. அதில் 1.3 லட்சம் கோடி டாலர், பறக்கவிடவும் பராமரிக்கவும். அப்படியும் அந்த ஆண்டு மார்ச்சில் கிளம்பத் தயாராக இருந்தவை ஏறக்குறைய 55 சதவீதம். பிலிப்பைன்ஸ் 2005-ல் எஃப்-5 விமானங்களைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து வருஷம் போர் ஜெட்டே இல்லாமல் இருந்து, பிறகு தன் பைக்கு ஏற்ற கொரிய எஃப்.ஏ.-50 பன்னிரண்டு வாங்கியது. ஹங்கேரியும் செக் குடியரசும் ஸ்வீடனிடம் ஆளுக்கு 14 கிரிப்பனைக் குத்தகைக்கு எடுத்தன. ஒரு ஃபிட்டராக எனக்குப் பொறாமை வருவது அந்தக் கிரிப்பன் மேல்தான். ஒரு தேர்ந்த தொழில்நுட்பரும், கட்டாயப் படைச் சேவைக்கு வந்த ஐந்து பையன்களும், நெடுஞ்சாலை ஓரத்தில் பத்து நிமிஷத்தில் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுத்தான் அந்த விமானத்தை வரையவே உட்கார்ந்தார்களாம். நம் பக்கத்தில் வடிவமைப்பாளர் மேஜைக்கு ஒரு சார்ஜென்ட்டை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தேஜஸ் பற்றிச் சொல்லாமல் முடியாது. அதன் இரண்டு ஸ்குவாட்ரன்களும் வேர் பிடித்தது நம் சூலூரில். 1983-ல் அனுமதி, 2001-ல் முதல் பறப்பு, 2016-ல் ஸ்குவாட்ரன். தாமதத்தைத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மார்க்-1ஏ 83 விமானங்களுக்கு 2021-ல் ஒப்பந்தம் போட்டும், அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் வந்தது. ஆனாலும் 2025 செப்டம்பரில் மேலும் 97-க்கு 62,370 கோடி ரூபாயில் கையெழுத்திட்டதை நான் சரி என்கிறேன். 180 விமானம் ஒரே ரகத்தில் வந்தால் உதிரிபாகம் கொத்தாக வாங்கலாம், கை பழகிய ஆட்களை எந்தத் தளத்துக்கும் மாற்றலாம். மார்க்-1ஏ-வின் முதல் ஜோடி இறக்கைகளை 2025 ஜூலையில் ஒப்படைத்தது எல் அண்ட் டி-யின் கோவை ஆலை. இறக்கை செய்யும் ஊர், சீலும் வால்வும் செய்யாதா?

செய்யும், ஆர்டர் அதற்குத் தகுந்தாற்போல் இருந்தால். கோவையிலோ ஓசூரிலோ ஒரு பட்டறைக்காரரிடம் போய் நாற்பது வால்வு வேண்டும், பறக்கும் தகுதிச் சான்று வாங்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும், அடுத்த ஆர்டர் எப்போது என்று தெரியாது என்று சொல்லிப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். பதினைந்து வருஷத்துத் தேவையை மொத்தமாகச் சொல்லி, சான்றுக்கான செலவை அரசே ஏற்றால் அவரே மெஷினைத் திருப்பி வைப்பார். சேலம், கோவை, ஓசூர் என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவித்தது இதற்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2018-லிருந்து 114 வெளிநாட்டு விமானம் வாங்கும் பேச்சு ஓடுகிறது. வாங்குவதானால் ரஃபேலையே வாங்க வேண்டும் என்பது என் கட்சி. அம்பாலாவிலும் ஹாசிமாராவிலும் அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே நிற்கிறது. விலையில் கொஞ்சம் மலிவு என்று ஏழாவது ரகம் ஒன்றைக் கொண்டுவந்தால், மிச்சம் பிடித்ததை ஸ்பேனர் வாங்கியே தீர்த்துவிடுவோம். பழையவற்றில் எதை எந்த ஆண்டு கழற்றுவோம் என்ற தேதியையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும். மிக்-21-க்கு அப்படியொரு தேதி எழுதி, அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததில் எத்தனை இளம் விமானிகள் போனார்கள் என்பது அவர்கள் வீட்டாருக்குத் தெரியும்.

2025-26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. ஓய்வூதியம் 1.61 லட்சம் கோடி. அதில் என் பென்ஷனும் இருப்பதால் அந்தத் தலைப்பில் நான் வாய் திறப்பது நியாயமில்லை. பட்ஜெட் அன்று தொலைக்காட்சிக்காரர்கள் மூலதனச் செலவுப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். வருவாய்ச் செலவுப் பக்கத்தில் விமானப்படையின் ஸ்டோர்ஸ் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். கேள்வி நேரத்தில் நம் எம்.பி.க்கள் அதைப் பற்றி ஒன்று கேட்டால், எங்களை மாதிரி ஹேங்கரில் கிடந்தவர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்போம்.