மீன் பிழைத்தது, மனிதன்?

கொல்லிமலைக்குப் போகிறவர்களை அறப்பளீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, அருகே ஓடும் ஆற்றின் மீன்களைக் காட்டுவார்கள். முன்னொரு காலத்தில் யாரோ அவற்றைப் பிடித்து அறுத்தார்களாம். சட்டியிலே போட்டுக் கொதிக்க வைத்தார்களாம். வெட்டுண்ட துண்டுகள் பொருந்தி, உயிர்பெற்று, ஆற்றிலே குதித்தனவாம்! அதனால் அந்த மீனுக்குத் தூண்டில் இல்லை. பொரி உண்டு, கும்பிடு உண்டு. அதே ஆறு சற்றுத் தள்ளி அருவியாய் விழுந்தால் ஆகாய கங்கை! ஐயாறு என்ற அருமைத் தமிழ்ப்பெயர் இருக்க, வடக்கேயிருந்து கங்கையை இரவல் வாங்குவானேன்?

அது கிடக்கட்டும். மீன் பிழைத்தது, மகிழ்ச்சி. மனிதன் பிழைத்தானா என்பதே நமது கேள்வி.

அதே மலையிலே நரம்புச் சிலந்தி மக்களை வாட்டிய காலம் உண்டு. காலிலே கொப்புளம், உடைந்தால் நூல் போன்ற வெள்ளைப் புழு, முழக்கணக்கில்! குச்சியிலே சுற்றி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் ஆபத்து. வந்த வழி எது? புண்ணோடு ஒருவன் கிணற்றுப் படியில் இறங்குகிறான். புழு நீரிலே குஞ்சுகளை விடுகிறது. சைக்ளோப்ஸ் என்கிற பொடிப்பூச்சி அவற்றை விழுங்குகிறது. அந்த நீரைக் குடித்தவன் காலிலே ஓராண்டு கழித்து அடுத்த புழு!

இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்ட் இந்த மலையில் குடியிருந்து அந்தப் புழுக்களை இழுத்தெடுத்தார். மதம் பரப்ப வந்தவர்தான், மறைப்பானேன்? அந்த வேலைக்கு நாம் மாலை போடவில்லை. புழுவை எடுத்த கைக்குப் போடுகிறோம். 1929-ல் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை நிமிர்த்திய மருத்துவர்.

நரம்புச் சிலந்தியை ஒழித்தது எந்தத் தீர்த்தமும் அல்ல, தோழர்களே! படிக்கிணற்றை மூடினார்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள், மருந்து தெளித்தார்கள். 1996-ல் இந்தியாவின் கடைசி நோயாளி. 2000-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று. இன்னொன்றும் கேளுங்கள்: சைக்ளோப்சைத் தின்னும் சிறுமீன்களைக் கிணற்றிலே விடுவதும் ஒரு வழி. மீனைக் காத்த மலைமக்களுக்கு இந்த மகிமையை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே!

புழு போயிற்று, வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் இன்னும் நீர் வழியேதான் வருகின்றன. ஆடிப்பெருக்கிலே வல்வில் ஓரி விழாவுக்கு அதிகாரிகள் மலையேறுவார்கள். வரவேற்கப் போகும் தோழர்கள் கையிலே ஒரு மனுவும் இருக்கட்டும்: எங்கள் ஊர்க் குடிநீரைக் கடைசியாகச் சோதித்த தேதி எது?