புல்லட்டின் ஜாதகம்

உங்கள் வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கிடக்கிறதா? இருந்தால் அதற்கு என்ன வயது என்று விசாரித்துப் பாருங்கள். வண்டியிடம் அல்ல, வீட்டாரிடம். "உன் அப்பாவுக்குப் பூணூல் போட்ட வருஷம் வாங்கினது" என்பாள் பாட்டி. "சேச்சே, அதற்கு முன்னாலேயே இருந்ததே!" என்பார் சித்தப்பா. விலைக்குக் கேட்க வரும் தரகரோ சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாங்குவதாக இருந்தால் பத்து வருஷம் குறைத்தும், விற்றுத் தருவதாக இருந்தால் பத்து வருஷம் கூட்டியும் சொல்வார்.

இது வெறும் வீட்டு வம்பாக இருந்தவரையில் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது அப்படி இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு புராதன வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டு வந்தது. முதன் முதலில் ரிஜிஸ்டர் ஆன தேதியிலிருந்து 50 வருஷம் கடந்த வண்டியாக இருக்க வேண்டும். சட்டம், எஞ்சின் முதலியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. அப்படியானால் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் கொண்ட தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். காய்கறி வாங்கப் போவதற்கு அந்த வண்டியை எடுக்க முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான். போகட்டும், கௌரவம் கௌரவம்தானே! ஆக, வண்டியின் வயது இப்போது சட்டத்துக்கும் வேண்டியிருக்கிறது.

மற்ற வண்டியானால் முகத்தைப் பார்த்தே வருஷம் சொல்லிவிடலாம். நம் ஊர் புல்லட்டிடம் அந்த ஜம்பம் பலிக்காது. காரணம் சுவாரஸ்யமானது.

இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, பின் சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைத்த புல்லட்டை 1949-ஆம் வருஷ மாடலாக வெளியிட்டது. 1954 மாடலில் முன் விளக்கு, ஸ்பீடாமீட்டர், அம்மீட்டர் எல்லாவற்றையும் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் அடக்கி, இரண்டு பக்கமும் புலிக்கண் போலச் சிறு விளக்குகள் பொருத்தினார்கள். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி பிறந்தது. முதலில் அங்கிருந்து உதிரியாக வந்ததைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957-இல் அச்சுக்களும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் மாடலை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள், 1967-இல் ரெடிட்ச் தொழிற்சாலையையே மூடினார்கள். நம்மவர்களோ 1955-இல் கற்றுக்கொண்ட அதே புல்லட்டை, மாமியார் சொல்லிக் கொடுத்த வத்தக் குழம்பைப் போல, கைப்பக்குவம் மாறாமல் செய்துகொண்டே இருந்தார்கள். 1977-இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்றால் பாருங்களேன்!

சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 சி.சி. 1955-லும் அதுதான், 1985-லும் அதுதான். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், அதுவும் அப்படியே. 6 வோல்ட் மின்சாரம் பின்னாளில் 12 வோல்ட் ஆனது, கார்புரேட்டர் மாறியது, பின் விளக்கு மாறியது. இவையெல்லாம் அரை மணியில் கழற்றி மாட்டக்கூடிய சாமான்கள். திருமண மாலையைப் பார்த்து மாப்பிள்ளையின் வயதைச் சொல்ல முடியுமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு வண்டிக்குப் பிறந்த தேதி ஒன்றல்ல, மூன்று. தொழிற்சாலையில் பூட்டி முடித்த தேதி ஒன்று. மாடல் வருஷம் இன்னொன்று. இங்கிலாந்தில் அடுத்த வருஷத்து மாடல்களை முந்தைய வருஷத்துக் கடைசியிலேயே காட்சிக்கு வைத்துவிடுவார்கள். ஆகவே 1953 நவம்பரில் பிறந்த வண்டி, 1954 மாடல் என்று பெயர் பெறும். மூன்றாவது, சர்க்கார் புத்தகத்தில் ஏறிய தேதி. இது நம் பள்ளிக்கூட சர்டிபிகேட் மாதிரி. அந்தக் காலத்தில் தகப்பனார் பையனைக் கொண்டு போய் நிறுத்துவார். வாத்தியார் தலையைத் தொட்டுப் பார்த்து ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அதை வைத்துத்தான் பிள்ளை பென்ஷன் வாங்குவான். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக் கட்டிய பி.எஸ்.ஏ., நார்ட்டன் வண்டிகளின் கதையும் இதுவே. சிப்பாய் ஓட்டிய காலமெல்லாம் கணக்கில் வராது. யாரோ ஒருவர் ஏலத்தில் எடுத்து, ரிஜிஸ்டர் செய்த அன்றுதான் அது பிறந்ததாகப் புத்தகம் சொல்லும்.

ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு வருஷம் என்று ஒரு கட்டம் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அதை நிரப்பியவரும் ஒரு குமாஸ்தாதான். நம்பர் பலகையும் ஓரளவுக்குத்தான் சாட்சி. 'எம்' என்று தொடங்கும் மூன்றெழுத்து என்றால் சென்னை ராஜ்யம் என்று பெயர் இருந்த நாளின் வரிசை. திருவண்ணாமலைக்கு இப்போது டி.என். 25. ஆனால் 1989 செப்டம்பர் வரையில் இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே பழைய காகிதத்தில் வேலூர் முத்திரை இருந்தால் திருட்டு வண்டியோ என்று மிரள வேண்டாம்.

திருவண்ணாமலை என்றேன் அல்லவா? இந்த விஷயமே எனக்கு விளங்கியது செங்கம் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பட்டறையில்தான். கிரிவலம் போகிற ஜனங்கள் வாசலில் நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு புல்லட் எலும்பும் தோலுமாகப் பிரித்துப் போட்டிருந்தது. சொந்தக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தாத்தா ஓட்டிய வண்டி. 1962-இல் ரிஜிஸ்டர் ஆனது. பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காரணம், லூகாஸ் ஹாரனைத் துடைத்ததில் '6 54' என்று குத்தியிருந்தது. 1954 ஜூன்!

"பாய், அப்போ இது ரெடிட்ச் வண்டிதானே?"

மெக்கானிக் பாய் தலை நிமிரவில்லை. "ஹாரன் ரெடிட்ச் காலத்து ஹாரன், தம்பி. வண்டியைப் பத்தி அது எப்படிச் சொல்லும்?"

லூகாஸ் கம்பெனியார் தங்கள் சாமான்களில் மாதமும் வருஷமும் குத்தி அனுப்பியது உண்மை. ஆனால் அது அந்தச் சாமானின் வயதே தவிர வண்டியின் வயது அல்ல. ஆதியிலேயே வண்டியோடு வந்த சாமான் என்று நிச்சயமானால், அந்த மாதத்துக்கு முன்பு வண்டி பிறந்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லலாம். பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டியது என்றால் அதுவும் இல்லை.

பாய் மண்ணெண்ணெயில் துணியை நனைத்தார். ஸ்டியரிங் தலைக் குழாய்ப் பக்கம் துடைத்தார். பிறகு சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே கிராங்க்கேஸில் துடைத்தார். எண்களின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தார். எழுத்துக்கள் எழும்பி வந்தன. அண்ணாமலையார் கோயிலில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதும் இதே வித்தைதான். அங்கேயும், 'இந்தக் கோயிலின் வயது என்ன?' என்று கேட்டால் எந்த இடத்தின் வயது என்று திருப்பிக் கேட்பார்கள். 217 அடி ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடித்தது. உள்ளே போகப் போகச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள்.

காகிதங்களை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். சட்டத்தின் எண் சரியாக இருந்தது. எஞ்சின் எண் வேறு! பையன் முகத்தில் ஈயாடவில்லை. தாத்தாவின் எஞ்சினே அல்லவா இது? புத்தகத்தில் ஏறாத எஞ்சின் என்றால் புராதன வண்டி என்ற பட்டம் இருக்கட்டும், வண்டியையே சந்தேகிப்பார்களே? மறுநாள் காலையில் சட்டத்தை மணல் வீசிச் சுரண்டப் பெயிண்டுக் கடைக்கு அனுப்புவதாக ஏற்பாடு வேறு. சுரண்டுகிற வேகத்தில் மிச்சமிருந்த அந்த ஒரு சாட்சியும் மழுங்கியிருந்தால்? மழுங்கியதை மறுபடி ஆழமாக வெட்டித் தருகிறேன் என்று சொல்லும் கெட்டிக்காரர்களும் ஊரில் உண்டு. அவர்களிடம் மட்டும் போகாதீர்கள். வெட்டிய எண்ணைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் முதலில் தோன்றுவது திருட்டு.

"வீட்டில் பழைய இன்ஷூரன்ஸ் ரசீது இருக்கான்னு பாரு, தம்பி" என்றார் பாய்.

எனக்குத் தோன்றாத யோசனை! ரசீதில் எஞ்சின் எண், சட்டத்தின் எண் இரண்டையும் எழுதுவார்கள் அல்லவா? பையன் சைக்கிளில் ஓடினான். பாட்டியின் டிரங்குப் பெட்டியில், நகை அடகுச் சீட்டுக்களோடு, தாத்தா எல்லாவற்றையும் நூல் கட்டி வைத்திருந்தார். 1971 ரசீதில் பழைய எண். 1974 ரசீதில் இப்போது இருக்கும் எண். நடுவில் எங்கேயோ எஞ்சின் மாறியிருக்கிறது. பாட்டியைக் கேட்டதற்கு, "ஆமாம், ஒரு தீபத்துக்கு உங்க தாத்தா வண்டியை வேலூரிலே விட்டுட்டு பஸ்ஸிலே வந்தார்" என்றாளாம். எந்தத் தீபம் என்று அவளுக்கு நினைவில்லை.

அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்யப் பையன் மனுப் போட்டிருக்கிறான். சட்டம் இன்னும் பெயிண்டுக் கடைக்குப் போகவில்லை. ஹாரனை மட்டும் மெருகு போடாமல், அந்த '6 54' தெரியும்படி வைக்க வேண்டும் என்று பாயிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான்.