குறைப்புக்கு ஒரு பெரியவர்

இரும்புலியூரில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கீபோர்டு சத்தம் கேட்காத நாள் கிடையாது. எதிர்வீட்டுப் பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஐந்தாம் கிரேடு தேர்வுக்காக ஒரே பாடத்தை மூன்று மாதமாக வாசித்துக்கொண்டிருக்கிறான். செங்கல்பட்டு வண்டி கடக்கும்போது மட்டும் கையை எடுப்பான். இரைச்சல் ஓய்ந்ததும் விட்ட இடத்தில் தொடங்குவான். பக்கத்தில் செல்போன் மெட்ரோனோம் டிக் டிக்கென்று அடித்தபடி இருக்கும். விரலில் பிசகே இல்லை. ஆனால் இன்னொருவரோடு சேர்ந்து அவன் வாசித்து நான் கேட்டதில்லை.

1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் எலெக்ட்ரிக் மாண்டலினோடு மேடையேறிய யு. ஸ்ரீநிவாஸுக்கு வயது 14. அவர் வாசித்தது கர்நாடக இசை. கேட்டவர்கள் ஜாஸுக்குப் பழகிய காதுக்காரர்கள். அந்த மேடை அவரை உலகத்துக்குக் காட்டியது. பிறவி மேதை என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்த வயதுக்குள் அவர் கடந்து வந்த பாதையையும் பார்க்க வேண்டும். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் கலைஞரே அல்ல. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் பிடிப்பான். அதாவது முதல் நாளிலிருந்தே இன்னொரு மனிதரைக் கேட்டுத்தான் அந்தக் கை வாசித்தது. 1978இல் குடிவாடாவில் முதல் மேடை, பிறகு சென்னை சபாக்கள்.

பின்னாளில் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் ஜான் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் அவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்கள். மெக்லாஃப்லின் தாமே இருபதுகளில் மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்துப் பண்பட்டவர். 1975இல் முதல் ‘சக்தி’ குழு தன் தட்டைப் பதிவு செய்தபோது வயலின் எல். சங்கருக்கு 25 வயதுதான். மூத்தவர் இளையவரை மேடைக்கு இழுத்துவிடுவது ஜாஸ் உலகின் பழைய வழக்கம்.

நமக்கும் அது புதிதல்ல. தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு வாசிக்கும்போது மிருதங்கமும் கஞ்சிராவும் இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை என்று மாறி மாறிச் சுருங்கிக்கொண்டே வரும். ஜாஸில் எட்டு பார், நாலு பார் என்று மாற்றி மாற்றி வாசிப்பதும் ஏறக்குறைய இதேதான். எதிராளி என்ன சொன்னார் என்று காது கொடுக்காமல் இதில் ஓர் அடிகூட எடுக்க முடியாது. இளையவர் தாளத்தில் தடுமாறினால் மூத்த மிருதங்கக்காரர் எடுப்பு இடத்தில் அழுத்தமாக ஒரு தட்டு தட்டுவார். பையன் நிமிர்வான். சின்னத் தலையசைப்பு. சபையில் பாதிப் பேருக்கு நடந்ததே தெரியாது. மெட்ரோனோம் யாருக்காகவும் இப்படித் தட்டிக்கொடுக்காது.

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களாக இருந்தன. சிறு வயதிலேயே ஏ.ஆர். ரஹ்மான் கீபோர்டோடு உட்கார்ந்தது அங்கேதான், சுற்றிலும் அனுபவஸ்தர்கள். கணினியில் ஆளாளுக்குத் தனித் தடமாகப் பதியும் முறை வந்த பிறகு அந்த வாசல் பெருமளவு அடைபட்டுவிட்டது. தாம்பரம், பல்லாவரம் தேவாலயப் பாடற்குழுக்களில் மட்டும் இன்றும் தாத்தாவும் பேத்தியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

மார்கழியில் மத்தியானக் கச்சேரியை இளையவர்களுக்குத் தருகிறோம், நல்லது. ஆனால் பக்கவாத்தியத்துக்கும் பெரும்பாலும் இளையவர்களையே போடுகிறோம். மூவரும் தடுமாறினால் கை கொடுக்க அங்கே யார்? இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஒவ்வொரு மத்தியானக் கச்சேரியிலும் ஒரே ஒரு மூத்த கலைஞரை உட்கார வைக்க சபாக்களால் முடியும். கிரேடு வகுப்பு நடத்துவோர் மாதத்தில் ஒரு வகுப்பைச் சேர்ந்து வாசிப்பதற்கென்று ஒதுக்கலாம். தாம்பரம் மாநகராட்சிப் பூங்காக்களில் ஞாயிறு மாலை நாலு நாற்காலியும் ஒரு மைக்கும் போட்டாலே போதும்.

எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, முப்பது வருஷம் சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பையனை வாரம் ஒருநாள் அவரிடம் அனுப்பலாமே என்று அவன் அம்மாவிடம் கேட்டேன்.

“பரீட்சை முடியட்டும் சார்” என்றார்.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். வயலின் பெட்டியைத் திறந்து, இரண்டு தந்தி மாற்ற வேண்டும் என்றார்.